மேலதிகச் சில்லு

1

போன சனிக்கிழமை கிளென்ஃபீல்டிலிருந்து ஒருவர் என் வாகனத்தை வாங்குவதற்காகப் பார்க்க வந்தார். மதுரைக்காரர், கணினி வேலை, இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வாகனம் அது. இங்கே மோட்டர்ஹோம் என்பார்கள். வந்தவர் அடுப்பைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பற்றியும் கேட்கவில்லை. நேரே பின்பக்கம் போய்க் குனிந்தார்.

“சார், ஸ்டெப்னி எங்க?”

“உள்ள கிடக்கு. நடக்கிற பாதையில.”

“உள்ளயா? வெளியதான மாட்டுவாங்க? இல்ல, சும்மா கேட்டேன் சார். எங்க ஆபீஸ்ல, ஸ்டெப்னியே வேண்டாம்னு சொல்றாங்க. வெயிட்டும் இடமும்தான் வேஸ்டாம். போன் பண்ணா ஆள் வந்துருமாமே?”

யாழ்ப்பாணத்தார் நாங்கள் மேலதிகச் சில்லு என்பதைத்தான் அவர் ஸ்டெப்னி என்கிறார். என் மனைவி தவமணி கதவடியில் நின்றுகொண்டிருந்தவள், இதைக் கேட்டதும் உள்ளே போய்விட்டாள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இருக்க வீடும் இருந்து, ஊர் சுற்ற இன்னொரு வீட்டையும் சில்லில் வைத்திருக்கிறவனுக்கு, சில்லு நாலா ஐந்தா என்பதுதான் கவலையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த ஐந்தாவது சில்லைப் பற்றி நினைத்தால் மூன்று வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருகிறது. யார்மேல் என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

2

அந்த வாகனத்தை வாங்கியதற்குக் காரணம் கறி வாசம்.

நான் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறியவன். இங்கே மவுண்ட் வெல்லிங்டனில், பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. தவமணிக்கு மனுகாவ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. விடுமுறைக்கு எங்காவது போனால் தங்கும் விடுதியில் சமைக்க வேண்டும், சமைத்தால் வாசம். ஒருமுறை விடுதிக்காரி வந்து கதவையும் யன்னலையும் தானே திறந்துவிட்டுப் போனாள். முகத்தில் கோபமில்லை. ஆனால் திறந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தவமணி எந்த விடுதிக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். ஆகவே சமையலறையோடு ஒரு வாகனம். ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி கடற்கரை கடற்கரையாகப் போய்க் களைத்துப்போய் விற்றது. எங்கள் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, “இனி ஓட வேண்டி வந்தா வீட்டோட ஓடலாம்” என்றார்கள். பகிடிதான். ஆனால் ஒருவரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

இங்கே பழைய வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீதியில் ஓடத் தகுதியானது என்று சான்று எடுக்க வேண்டும். இடப்பெயர்வுக்கு அடுத்த ஈஸ்டர் அது. தொண்ணூற்றைந்தில், ஆமி நெருங்குகிறது என்று யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே நாளில் மூட்டை முடிச்சோடு பாலம் தாண்டியதே, அதற்கு அடுத்த ஈஸ்டர். பெரிய வெள்ளிக்கு முதல்நாள் சான்று எடுக்கப் போனேன்.

பரிசோதிக்கிற பொடியன் வாகனத்தைச் சுற்றி வந்து, கீழே படுத்து எழும்பி, ஏதோ சொன்னான். எனக்கு விளங்கியது ‘ஸ்பியர்’ என்ற ஒரு சொல்தான். ஈட்டி. உன்னுடைய ஈட்டி சரியில்லை என்கிறான். நான் ஈட்டி வைத்திருக்கவில்லை என்றேன். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பிறகு என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். மேலதிகச் சில்லைத்தான் சொன்னான். இந்த நாட்டில் ‘ஸ்பெயர்’ என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் இதைக் கவனித்ததே இல்லை.

சில்லில் பிழையில்லை. சில்லைத் தாங்குகிற இரும்புச் சட்டம் கறள் பிடித்து அரித்திருந்தது. ஓடும்போது கழன்று விழுந்தால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து. அதனால் சான்று தர முடியாது.

“சட்டம் மாத்த எவ்வளவு நாள் ஆகும்?”

“ஈஸ்டர் முடிஞ்சு வா. ஒரு கிழமை ஆகும்.”

“எனக்குச் சனிக்கிழமை பயணம் இருக்கு.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்ப சில்லைக் கழற்றிப்போடு. இப்பவே பாஸ் பண்ணிவிடுறன்.”

“சில்லில்லாமல் ஓடலாமா?”

“தாராளமா ஓடலாம். சில்லு இருக்க வேணும் எண்டு சட்டமில்லை. இருந்தா ஒழுங்காப் பூட்டியிருக்க வேணும் எண்டுதான் சட்டம்.”

சில்லோடு வந்தால் வாகனம் தகுதியில்லை. சில்லில்லாமல் வந்தால் தகுதி. நான் மறுபடியும் கேட்டேன். அவன் மறுபடியும் அதையே சொன்னான், எரிச்சல் காட்டாமல். இங்குள்ளவர்கள் எரிச்சல் காட்டுவதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைத் தருவது. அங்கேயே சில்லைக் கழற்றி வாகனத்துக்குள் உருட்டி ஏற்றிக்கொண்டு, முன்கண்ணாடியில் புதிய சான்றோடு வீட்டுக்கு வந்தேன்.

3

அன்று வீட்டில் வாக்குவாதம். சில்லை உள்ளே வைத்தே கொண்டுபோவோம் என்றேன் நான்.

“உள்ள எங்க? இருக்கிறதே ஒரு முழ இடம். கட்டிலுக்குக் கீழ தண்ணித் தாங்கி, மற்றப் பக்கம் ஐஸ்பெட்டி. நடக்கிற பாதையில அந்தக் கறுப்புச் சனியனைப் போட்டுட்டு நான் எங்க நிண்டு சமைக்கிறது?”

“வழியில காத்துப் போனா?”

“அதுக்குத்தானே வருசாவருசம் காசு கட்டி அந்த வாகன உதவி அட்டை வைச்சிருக்கிறம். போன் பண்ணினா வருவினம். இஞ்சேருங்கோ, இது யாழ்ப்பாணம் இல்லை.”

இது யாழ்ப்பாணம் இல்லை என்பது எங்கள் வீட்டில் எந்த வாக்குவாதத்தையும் முடிக்கிற சொல். நான் சொன்னால் அவள் வாய்மூடுவாள். அவள் சொன்னால் நான். சில்லு கராஜில் புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு அக்கா கொழும்பிலிருந்து போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தா. அக்காவும் அத்தானும் இடம்பெயர்ந்து கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அத்தானுக்குப் பல வருடமாகச் சலரோகம், சர்க்கரை வியாதி. கால் புண்ணாகி, பிறகு சிறுநீரகமும் பழுது. இயக்கத்திடம், வெளியேற அனுமதிக்கிற பாஸ் எடுத்து, வவுனியாவில் காத்திருந்து, ஒருவழியாகக் கொழும்பு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பதாகத் தெரிந்த ஒருவர் மூலம் செய்தி வந்தது. ஞாயிறு, அங்கே காலை பத்தரை, நானே எடுக்கிறேன், வீட்டில் இருக்கச் சொல்லுங்கோ என்று அக்கா சொல்லிவிட்டிருந்தா. ஐந்து மாதமாக நான் அக்காவின் குரல் கேட்கவில்லை.

அப்படியென்றால் பயணம் எதற்கு என்று கேட்பீர்கள். தவமணி விடுப்புக் கேட்டு ஆறு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. ஞாயிறு மூன்று மணிக்குள் வீடு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

மகள் வரவில்லை. வாசுகி. பள்ளிக்கூடத்தில் விக்கி. மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள், அப்போது பதினாலு. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வீடு அப்படித்தான் ஓடியது. படிப்பு இருக்கிறது என்றாள். அந்தப் பெட்டிக்குள் இருந்து வந்தால் தன் தலைமயிர் இரண்டு நாளைக்குக் கறி மணக்கும் என்பதையும் சொன்னாள். இரவு படுக்க, அடுத்த வீதியில் இருந்த ஃபிஜி இந்தியச் சிநேகிதி வீடு.

“ஞாயிறு பின்னேரம் மாமி எடுப்பா. நாங்கள் அதுக்கு முதல் வந்திடுவம். நீ சிநேகிதிகளோட கதைச்சுக்கொண்டு போனைப் பிடிச்சு வைச்சிருக்கக் கூடாது. விளங்குதோ?”

விளங்குகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணை மேலே உருட்டினாள்.

4

போகிற வழியில் எனக்கு அத்தானின் நினைவுதான்.

எண்பத்தைந்தில் எங்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனது அத்தான்தான். அவருடைய பழைய கேம்பிரிட்ஜ் கார், வாடகைக்கு ஓடுவது. ஒரு மேலதிகச் சில்லு டிக்கியில். இன்னொன்றைக் கூரையில் எங்கள் சூட்கேசுகளோடு கட்டியிருந்தார். வவுனியாவில் மறித்தார்கள். இறங்கச் சொன்னார்கள். சூட்கேஸ்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமிக்காரன் சில்லைக் காட்டிக் கேட்டான்.

“ஏன் இரண்டு?”

அத்தான் சிங்களத்தில், பாதை சரியில்லை என்றார். யாருக்குக் கொண்டுபோகிறாய், உள்ளே என்ன என்றான் அவன். அந்த வெயிலில் அத்தான் இரண்டு சில்லையும் கழற்றி, காற்றை இறக்கி, நெம்புகோல் போட்டு டயரை விரித்து உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டினார். மடியில் வாசுகி அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து, கைப்பம்பால் காற்று அடிக்கும்போது அத்தான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “நல்ல காலம் மூண்டாவதைக் கொண்டுவரேல்லை.”

பிறகு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, டயர் இல்லை. கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்: ‘மேலதிகச் சில்லு என்று ஒன்று இப்போது இல்லை. ஓடுகிற நாலுமே அதுதான்.’ இடம்பெயரும்போது காரையும் விட்டுவிட்டு, சைக்கிளில் அக்காவை வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். புண்ணான காலோடு.

5

நாங்கள் போனது கொரமண்டல் தீபகற்பத்தின் மேல்முனைக்கு. சோழமண்டலம் திரிந்து, திரிந்து, ஒரு கப்பலின் பெயராகி, அந்தக் கப்பல் இங்கே வந்து கரைக்குப் பெயராகியது என்று படித்திருந்தேன். இதைத் தவமணிக்குச் சொன்னேன். “அப்ப சோழர் வந்த இடத்தில எங்களுக்கு விசா தர இவ்வளவு இழுத்தடிச்சவையோ” என்றாள். சனி இரவு கடல் பார்த்த இடத்தில் நிறுத்தி, மீன் குழம்பு வைத்து, கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். அந்தப் பக்கப் பாதையை இங்கே ‘மெட்டல் ரோட்’ என்பார்கள். இரும்பு என்று நினைக்க வேண்டாம், உடைத்த கல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். ஒரு வளைவில் பின்பக்கம் இழுத்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். இடப்பக்கப் பின் டயர். ஆணி குத்திய காற்றிறக்கம் இல்லை. கூர்க்கல் பக்கவாட்டில் கிழித்து விரல் போகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

தவமணியும் இறங்கி வந்து பார்த்தாள். நான் சொன்னேன் முதலில்.

“சில்லு கராஜில இருக்கு.”

“தெரியும்.”

“நல்ல வசதியா இருக்கு அங்க.”

“இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறீங்கள்?”

“உம்மை ஒண்டும் செய்யச் சொல்லேல்லை. இது யாழ்ப்பாணம் இல்லைத்தானே. வருவினம்.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் பாதையில் நின்றேன். கைத்தொலைபேசி அப்போது எங்களிடம் இல்லை; இருந்தாலும் அங்கே வேலை செய்திருக்காது. ஈஸ்டர் ஞாயிறு. ஒரு வாகனம் நிறுத்தாமல் கையசைத்துவிட்டுப் போனது. இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொன்று நிறுத்தியது, உள்ளே ஒரு இளம் சோடி. ‘ஸ்பியர்’ இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன். ஏன் இல்லை என்றார்கள். அதை எங்கிருந்து தொடங்குவது? பின்னால் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைவீடு கண்டோம், அங்கே போன் இருக்கும் என்றார்கள். தாங்கள் மற்றப் பக்கம் போகிறார்கள்.

இருவரும் வாகனத்தைப் பூட்டிவிட்டு நடந்தோம். தவமணி ஐந்தடி பின்னால் வந்தாள். அந்தப் பாதை ஏற்றமும் இறக்கமுமாக முடியவே இல்லை.

6

பண்ணைவீட்டு அம்மாவின் பெயர் ஜோன். அறுபது வயது இருக்கும், முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. அவவும் புருசனும் மேட்டிலிருந்த பட்டிக்கு மாட்டைக் கலைத்துக்கொண்டு போயிருந்ததால், வாசலில் ஒரு நாயோடு நெடுநேரம் காத்திருக்க வேண்டி வந்தது. வந்ததும் நடந்ததைக் கேட்டுவிட்டு, “இந்தப் பாதைக்கு நாங்கள் ரெண்டு சில்லு கொண்டுபோவம்” என்றா. அத்தானுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

போனைத் தந்தா. அட்டையில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை இனிமையாகப் பேசினாள்.

“எந்த வீதி, எத்தனையாம் இலக்கம்?”

“வீதிக்கு இலக்கம் இல்லை. மலைதான் இருக்கு.”

“பக்கத்து வீட்டு இலக்கம்?”

நான் ஜோனைப் பார்த்தேன். ஜோன் போனை வாங்கி இடத்தைச் சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தா.

“சரி சேர். எங்கட ஆள் வந்து உங்கட சில்லை மாத்திப் பூட்டுவார். ஸ்பியர் தயாரா வைச்சிருங்கோ.”

“ஸ்பியர் இல்லை.”

“அப்ப நாங்கள் எதைப் பூட்டுறது?”

“அதுக்குத்தான் உங்களுக்கு எடுக்கிறன்.”

தாங்கள் சில்லு கொண்டுவருவதில்லை என்று விளக்கினாள். கட்டி இழுத்துப்போகலாம், ஆனால் என் அட்டை கார்களுக்கானது, இந்த அளவு வாகனத்துக்கு வேறு வகை அட்டை. இழுத்துப்போனாலும் டயர்க்கடை இன்று பூட்டு. நாளைக்கும் விடுமுறை. “உங்களுக்கு வேற ஏதாவது உதவி செய்யலாமா?” என்று கேட்டாள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நன்றி என்றேன்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து தாண்டியிருந்தது.

வீட்டு இலக்கத்தைச் சுழற்றினேன். மகளாவது எடுத்து, அக்காவிடம் ஒரு இலக்கம் கேட்டுவைக்கலாம். இணைப்புக் கிடைக்கவில்லை, யாரோ பேசிக்கொண்டிருக்கிற ஒலி. கொஞ்சம் பொறுத்துச் சுழற்றினேன். அதே ஒலி. மறுபடி. மறுபடி. கொழும்பில் ஏதோ ஒரு கடையில் வரிசையில் நின்று அக்கா எங்கள் இலக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கிறா, இங்கே என் மகள் சிநேகிதியோடு எந்தப் பொடியனைப் பற்றியோ சிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தக் காட்சி கண்ணில் தெரிந்தது.

“இண்டைக்கு அவளுக்கு இருக்கு” என்றேன்.

“அவளைத்தான் இனிப் பிடிப்பீங்கள்” என்றாள் தவமணி. “என்னைத் திட்டி முடிஞ்சுது.”

ஐந்தரைக்கு அங்கே மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சிநேகிதி வீட்டுக்குப் போயிருப்பாள். அந்த வீட்டு இலக்கம் எங்களிடம் இல்லை. அதைக்கூடக் கேட்டு வைக்காமல் வந்திருந்தோம்.

ஜோன் எங்களை ‘டீ’க்கு நிற்கச் சொன்னா. தேத்தண்ணீர் என்று நினைத்து இருந்தோம். ஆட்டிறைச்சியும் பூசணிக்காயும் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே அப்படியொரு பெயர். எனக்கு இறங்கவில்லை. பிறகு அவவின் புருசன் எங்களை ட்ரக்கில் கொண்டுவந்து வாகனத்தடியில் இறக்கிவிட்டார். கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, அரிசி இருந்தது. வீடு முழுவதும் கூட இருந்தது, நகரத்தான் முடியவில்லை. ஒரு பக்கம் சரிந்த கட்டிலில், உருண்டு ஒருவர்மேல் ஒருவர் விழாமல் பிடித்துக்கொண்டு கிடந்தோம்.

“சில்லு இருந்தாலும் நீங்கள் தனிய மாத்தியிருப்பீங்களோ? போன வருசம் முதுகு பிடிச்சு ரெண்டு கிழமை கிடந்தனீங்கள்” என்றாள் தவமணி.

“மாத்தியிருப்பன்.”

“சரி.”

கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா திரும்ப எடுப்பா” என்றாள்.

காலையில் ஜோனின் புருசனே பக்கத்துப் பண்ணையில் உடைந்து கிடந்த ஒரு வானின் சில்லைக் கழற்றிக்கொண்டுவந்து பூட்டிவிட்டார். அளவு கொஞ்சம் வித்தியாசம், மெதுவாக ஓட்டு என்றார். காசு வாங்கவில்லை. சிறிய சில்லோடு வாகனம் ஒரு பக்கம் நொண்ட, மத்தியானம் கழித்து வீடு வந்தோம்.

7

வழியெல்லாம் மகளுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்ததும் ஆரம்பித்தேன்.

“நேற்று ஐஞ்சு மணிக்கு ஆரோட கதைச்சுக்கொண்டு இருந்தனீ?”

குசினி மேசையில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “மாமியோட.”

நான் நின்றேன்.

“மாமிதான் எடுத்தவ. நீங்க வரேல்லை. நான் கதைச்சன்.” பிறகு ஆங்கிலத்தில், முழுக்கத் தமிழிலேயே கதைத்ததாகச் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு பெருமை. அதை நான் பார்த்துக் கனகாலம்.

தவமணி அவள் தோளில் கைவைத்தாள். “என்னம்மா சொன்னவ மாமி?”

“மாமா மோசமாம். வெள்ளிக்கிழமையில இருந்து மோசமாம்.”

தவமணியின் கை அப்படியே நின்றது. “அவ சொன்ன மாதிரியே சொல்லு.”

வாசுகி யோசித்தாள். அக்காவின் குரலைத் திருப்பிச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: “மாமா மோசம் போயிட்டார் பிள்ளை. வெள்ளிக்கிழமை.”

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மோசம் போய்விட்டார் என்றால் ஒரு அர்த்தம்தான். செத்துப்போனார் என்று வாயால் சொல்ல முடியாதவர்கள் சொல்கிற சொல் அது. தவமணி கதிரையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

“அதுக்கு நீ என்ன சொன்னனீ?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கவலைப்படாதீங்கோ மாமி, கெதியாச் சுகம் வரும் எண்டு சொன்னன். கார்ட் அனுப்புறன் எண்டும் சொன்னன்.”

மேசையில் அந்த அட்டை இருந்தது. தன் கைக்காசில் காலையில் வாங்கியிருக்கிறாள். தலையில் கட்டுப்போட்ட ஒரு கரடி, கையில் பூங்கொத்து. உள்ளே மாமாவுக்கு என்று, கோணல் எழுத்தில், தமிழில் எழுதியிருந்தாள். ‘மா’வுக்கு அரவு என்கிற துணைக்கால் போட்டது சரியாக இருந்தது.

தவமணிதான் சொன்னாள். எந்தச் சொல்லில் சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. வாசுகி அட்டையைத் திருப்பி வைத்தாள். முதலில் அவள் முகம் வெளுத்தது, பிறகு கோபம் வந்தது. “நீங்கள் ஏன் ஒண்டையும் சரியான சொல்லில சொல்லுறேல்லை?” என்று தமிழில் தொடங்கி, மிச்சத்தை ஆங்கிலத்தில் கொட்டினாள். ஒருவருமே ஒன்றையும் நேராகச் சொல்வதில்லை. பாட்டா செத்ததையும் ‘போயிட்டார்’ என்றுதான் சொன்னீர்கள், எங்கே போனார் என்று நான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் மாமியிடம் இப்படிச் சொல்லிவிட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் குசினியில் நின்றேன். வழியெல்லாம் தயார் செய்து கொண்டுவந்த கோபம் அப்படியே கையில் இருந்தது. கராஜுக்குப் போய் அந்தச் சில்லை ஒரு உதை உதைத்தேன். கால்தான் நொந்தது.

8

செய்தி சொன்னவரிடம் இலக்கம் வாங்கி லொட்ஜுக்கு எடுத்தேன். அக்கா இல்லை. “முகத்துவாரத்துக்குச் சாம்பல் கரைக்கப் போயிட்டினம் ஐயா. நாளைக்கு எடுங்கோ” என்றார் அங்கிருந்தவர். அப்படியென்றால் ஞாயிறு பின்னேரம், நான் ஜோன் வீட்டில் இறங்காத இறைச்சியோடு இருந்தபோது, அங்கே கனத்தை மயானத்தில் எல்லாம் முடிந்திருக்கிறது. அக்கா எனக்கு எடுத்தது, புறப்படுவதற்கு முன்னால்.

செவ்வாய் பின்னேரம் அக்கா கிடைத்தா. முதலில் இரண்டுபேரும் அழுதோம். பிறகு, ஏன் அக்கா எனக்கு வெள்ளிக்கிழமையே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எடுத்தனான் தம்பி, அந்த நேரம் லைன் கிடைக்கேல்லை. பிறகு ஞாயிறு எப்பிடியும் கதைக்கிறதுதானே எண்டு விட்டிட்டன்.”

“நான் வந்திருப்பன் அக்கா. வழியில சில்லு…”

“பிள்ளை சொன்னவள், நீங்கள் இன்னும் வரேல்லை எண்டு. அவள் நல்லாக் கதைச்சவள். மாமி சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டவள். அந்த ரெண்டு நாளில ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேக்கேல்லை.”

“அக்கா, அவளுக்கு விளங்கேல்லை. அவள் சொன்னதை…”

“அது எனக்கும் தெரிஞ்சது. கெதியாச் சுகம் வரும் எண்டாள். திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஓம் பிள்ளை எண்டனான்.”

அறைக் கதவு திறந்திருந்தது. வாசுகி வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். தான் கதைக்க வேண்டும் என்றாள். பிறகு, ஆங்கிலத்தில், தாயிடம் மெதுவாகக் கேட்டாள், இந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று. சரியான சொல் என்ன?

தவமணி என்னைப் பார்த்தாள்.

“ஒண்டும் சொல்லுறதில்லை” என்றாள் தவமணி. “அழுகிறது.”

“போனிலயும்?”

“ஓம். போனிலயும்.”

போனைக் கொடுத்தேன். “மாமி” என்றாள்.

வெளிநாட்டுக்கு யார் பேசினாலும் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைத் தட்டிக் காட்டுகிறவன் நான். அன்று வெளியே போய்ப் படியில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் மெஷின் நின்ற பிறகும் உள்ளேயிருந்து வாசுகியின் குரல் வரவில்லை. போனை வைத்துவிட்டாளோ என்று எழும்பி எட்டிப் பார்த்தேன்.

வைக்கவில்லை.